உறைய வைக்காத செல்கள்

அண்ணாச்சியின் கடைக்கு நான் முதலில் போனது இட்லி அரிசி வாங்க. ஆராய்ச்சிப் படிப்புக்காகக் கொல்கத்தா வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. டாக்குரியாவில் ஒரு வீட்டு மாடியில் இரண்டு வங்காளிப் பெண்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். கடுகெண்ணெய் வாசனை பழகிவிட்டது, ஆனால் சனிக்கிழமை வந்தால் நல்லெண்ணெய் ஊற்றிய இட்லிப்பொடிக்கு நாக்கு ஏங்கும். லேக் மார்க்கெட்டில் எல்லாம் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, ஆட்டோ பிடித்துப் போனேன். கறிவேப்பிலைக் கட்டும் அப்பளக் கட்டும் தொங்கிய ஒரு சின்னக் கடை. உள்ளே அண்ணாச்சியும் அவர் மனைவியும். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருடம் ஆகிறதாம். நான் திண்டுக்கல் என்றதும் அக்கா ஒரு பிடி கறிவேப்பிலையைக் கூடுதலாகப் பையில் திணித்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கேதான்.

அண்ணாச்சியின் கண்ணில் ஏதோ கோளாறு என்று மூன்றாவது வாரமே எனக்குப் புரிந்துவிட்டது. வெயிலிலிருந்து கடைக்குள் நுழைந்தால் கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எதிரே நிற்பவரைப் பார்த்து நன்றாகப் பேசுவார். பக்கவாட்டில் நின்று நான் "அண்ணாச்சி" என்றால் குரல் வந்த திசையைத் தேடித் திரும்புவார். பொழுது சாய்ந்தால் கடையை விட்டு இறங்க மாட்டார்.

ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"எங்கய்யாவுக்கும் இப்படித்தான் தங்கச்சி," என்றார் அவர். "நாப்பது வயசுல ஆரம்பிச்சது, அம்பத்தஞ்சுல ஒண்ணுமே தெரியாமப் போச்சு. ஊர்ல என் அக்காவுக்கும் இருக்கு. எனக்கு இப்போ குழாய் வழியா பாக்க மாதிரி இருக்கு. நேரா தெரியும், சுத்தி இருட்டு."

"டாக்டர்ட்ட காமிச்சீங்களா?"

"காமிச்சாச்சு. பரம்பரை நோயிங்காவ. ரத்தத்தையும் எடுத்துப் பாத்தாவ. எந்த ஜீன்ல கோளாறுன்னு கண்டுபிடிக்க முடியலன்னுட்டாவ."

அவர் அதைச் சொல்லி முடிக்கும் முன்பே என் மனதுக்குள் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்திருந்தது. அதை இப்போது மறைத்துப் பயனில்லை. நான் இருந்த ஆய்வுக்கூடம் பரம்பரைக் கண் நோய்களைப் பற்றியது. என்னோடு சேர்ந்தவர்களுக்கெல்லாம் தலைப்பு கிடைத்துவிட்டது, எனக்கு மட்டும் கிடைக்கவில்லை. இரண்டு தலைமுறையாக நோய் இருக்கிற, சோதனைகளில் காரணம் பிடிபடாத ஒரு குடும்பம் என்றால் அது எங்கள் துறையில் புதையல். அந்த மனிதருக்காக நான் வருத்தப்பட்டேனா என்று கேட்டால், பட்டேன். ஆனால் வருத்தம் இரண்டாவதாகத்தான் வந்தது.

திங்கட்கிழமை மேடத்திடம் போய்ச் சொன்னேன். மேடம் என் வழிகாட்டி. ஆங்கிலத்தில்தான் பேசுவார், சந்தோஷமோ கோபமோ அதிகமானால் வங்காளத்துக்கு மாறிவிடுவார். அன்று வங்காளத்தில் பேசினார்.

அவர் சொன்ன யோசனை பழைய முறையைச் சேர்ந்தது. நம் எல்லோருக்கும் ஒவ்வொரு குரோமோசோமிலும் இரண்டு பிரதிகள் உண்டு, ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து. ஒரு பிரதியில் ஒரு துண்டு அப்படியே காணாமல் போயிருந்தால், சாதாரணச் சோதனையில் அது தெரியாமலே போய்விடலாம், ஏனென்றால் நல்ல பிரதி இரண்டுக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடும். கெட்ட பிரதியைத் தனியாகப் பிரித்தெடுக்க வேண்டும். அதற்கு மனிதச் செல்லையும் எலிச் செல்லையும் ஒன்றாக ஒட்டவைத்து ஒரே செல்லாக்க வேண்டும். அந்தக் கலப்புச் செல் பிரிந்து பிரிந்து பெருகும்போது ஒரு வேடிக்கை நடக்கும். எலியின் குரோமோசோம்கள் நிலைத்து நிற்கும், மனிதனுடையவை ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டே போகும். எது உதிரும், எது தங்கும் என்பது செல்லுக்குச் செல் மாறும். நூற்றுக்கணக்கான செல் குடும்பங்களைத் தனித்தனியாக வளர்த்துத் தேடினால், நமக்கு வேண்டிய குரோமோசோமின் ஒரே ஒரு பிரதி மட்டும் தங்கிய குடும்பம் எங்காவது அகப்படும். மேடம் சந்தேகப்பட்ட ஜீன் பத்தொன்பதாவது குரோமோசோமில் இருந்தது.

"இதற்கெல்லாம் இப்போது புது மெஷின்கள் வந்துவிட்டன," என்றார் மேடம், "ஆனால் நம்மிடம் இல்லை. கை இருக்கிறது, பொறுமை இருக்கிறது. உன் குடும்பம் சம்மதிக்குமா?"

உன் குடும்பம் என்றுதான் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது.

சம்மதப் படிவம் ஆங்கிலத்திலும் வங்காளத்திலும் இருந்தது, தமிழில் இல்லை. அண்ணாச்சிக்கு வங்காளம் பேச வரும், படிக்க வராது. அக்காவும் அப்படியே. படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்கள் மகள். எலக்ட்ரிகல் டிப்ளமோ முடிக்கப்போகிறவள், அன்று பரீட்சைக்குப் போயிருந்தாள். ஆகவே கடையின் பின்பக்கம் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து நானே தமிழில் சொன்னேன். ரத்தம் எவ்வளவு எடுப்போம், எங்கே வைப்போம், பெயர் வெளியே வராது, எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். எட்டாவது வரி ஒன்று இருந்தது. இது ஆராய்ச்சி மட்டுமே, முடிவுகள் தனிப்பட்ட முறையில் உங்களுக்குத் தெரிவிக்கப்படாமல் போகலாம் என்று.

அதை நான் சொல்லவில்லை. கண் அந்த வரியில் நின்றது, வாய் ஒன்பதாவது வரிக்குப் போய்விட்டது. சொன்னால் இவர்கள் பின்வாங்கிவிடுவார்கள் என்று பயந்தேன்.

"என் ரத்தத்தை எலியோட சேக்கப் போறியளா?" அண்ணாச்சி சிரித்தார். "இந்தக் கடையில இருக்க எலி பத்தாதாக்கும்."

அக்கா சிரிக்கவில்லை. "எதுல என்ன இருக்குன்னு எப்பம்மா தெரியும்?"

"ஆறு மாசத்துல தெரிஞ்சிரும் அக்கா. தெரிஞ்சதும் நானே வந்து சொல்றேன்."

"சொல்லிருவ இல்ல? எங்களுக்கு இப்போ இவுகளப் பத்திக் கவலை இல்ல. வந்தது வந்துட்டு. பிள்ளைக்கு இருக்கா இல்லையான்னு தெரியணும்."

"கண்டிப்பா சொல்றேன் அக்கா."

அண்ணாச்சி குனிந்து, நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

வேலை நன்றாகவே நடந்தது. அவர் ரத்தத்தின் வெள்ளைச் செல்களையும் எலிச் செல்களையும் சேர்த்து, ஒரு பிசுபிசுப்பான கரைசலை விட்டு ஒட்டவைத்தேன். எலிச் செல் தனியாக இருந்தால் செத்துவிடும்படி ஒரு மருந்து கலந்த ஊட்டக் கரைசலில் வளர்த்தேன். ரத்தச் செல்லுக்குத் தனியாக வளரத் தெரியாது. இரண்டும் கலந்தவை மட்டும் பிழைத்தன. தட்டுகளில் சின்னச் சின்னத் திட்டுகளாக அவை எழும்பிய அன்று நான் சனிக்கிழமைக்குக்கூடக் காத்திருக்காமல் லேக் மார்க்கெட் ஓடினேன். "அண்ணாச்சி, வளருது!" என்றேன். அவர் கடைக்கு வந்திருந்த ஒரு வங்காளி வாடிக்கையாளரிடம் என்னைக் காட்டி, "எங்க ஊர்ப் பிள்ளை, சயின்டிஸ்ட்," என்றார்.

அவர்கள் மகளை அப்போதுதான் நன்றாகத் தெரிய வந்தது. தமிழைவிட அவளுக்கு வங்காளம் சரளம். என்னை வங்காளிகள் அக்காவை அழைப்பதுபோலத் திதி என்பாள், அப்பாவைப் பாபா என்பாள், அம்மாவை மட்டும் அம்மா. அவளுக்கு ஒரே ஆசை, ரயில் ஓட்ட வேண்டும். பாலிடெக்னிக் ஹவுராவில், தினமும் போய் வந்த இடம். ஸ்டேஷனில் எஞ்சினிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்ததைப் பார்த்தாளாம். அன்றிலிருந்து உதவி லோகோ பைலட் பரீட்சை என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

"ஆனா திதி, அதுக்குக் கண்ணு ஃபர்ஸ்ட் கிளாஸா இருக்கணும். இப்ப ஓகே. வேலைல சேர்ந்து பத்து வருஷம் கழிச்சுப் பாபா மாதிரி ஆனா? பின்னால எத்தனை பேர் உக்காந்திருப்பாங்க? பாபாவோட ரிசல்ட் வந்தா நானும் டெஸ்ட் பண்ணிட்டு அப்புறம் ஃபார்ம் போடுறேன்."

"வந்துரும்," என்றேன்.

துர்கா பூஜைக்கு நான்கு நாள் முன்பு அது கிடைத்தது. ஒரு செல் குடும்பத்தின் குரோமோசோம்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். எலியின் குரோமோசோம்கள் பெரும்பாலும் கொண்டை ஊசி போல வளைந்திருக்கும். அந்த ஊசிக் கூட்டத்தின் நடுவில் இடுப்புச் சிறுத்த ஒரு குட்டிப் பெருக்கல் குறி. பத்தொன்பதாவது. ஒன்றே ஒன்று. அதில் ஜீனைத் தேடும் சோதனையைச் செய்தபோது, குரோமோசோமின் மற்ற இடங்களுக்கெல்லாம் இருக்கிறது என்று படத்தில் கோடு விழுந்தது, ஜீன் இருக்க வேண்டிய இடத்தில் விழவில்லை. ஒரு துண்டே இல்லை.

மேடம் படத்தை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "ஒரு தடவை கோடு விழாததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். சோதனையே தவறியிருக்கலாம். மூன்று தடவை செய்து பார்க்கும் வரை யாரிடமும் மூச்சுவிடாதே. முதலில் செல்களை உறையவை. இன்றைக்கே. இது எப்போது எதை உதிர்க்கும் என்று யாருக்கும் தெரியாது."

"சரி மேடம்," என்றேன்.

உறையவைப்பது பெரிய வேலை இல்லை. ஒரு மணி நேரத்தில் சின்னக் குப்பிகளில் நிரப்பி, ஒரு ராத்திரி குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் திரவ நைட்ரஜனுக்கு மாற்ற வேண்டும். அதோடு அந்தச் செல்கள் அன்றிருந்த நிலையிலேயே எத்தனை வருடமும் கிடக்கும். ஆனால் அன்று மாலை அறைத் தோழிகளோடு புதுப் புடவை எடுக்கப் போவதாக இருந்தேன். நாளை செய்யலாம் என்று நினைத்தேன். மறுநாள் செல்கள் கொஞ்சமாக இருப்பதுபோலத் தோன்றியது, இன்னும் பெருகட்டும் என்று விட்டேன். பிறகு பூஜை வந்துவிட்டது. அஷ்டமி அன்று அந்தப் புடவையோடு ஆய்வுக்கூடம் வந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, செல்களுக்குப் புதுக் கரைசல் மாற்றிவிட்டுப் பந்தல் பார்க்க ஓடியது நினைவிருக்கிறது. பூஜை முடிந்ததும் வேறு சோதனைகளுக்காக அதே செல்களைப் பெரிய ஃபிளாஸ்குகளில் வளர்த்தேன். ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்றேன். அப்படி ஐந்து வாரம் ஓடியது.

ஆறாவது வாரம் மறுபடி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது எல்லாம் கொண்டை ஊசிகள். ஒரு தட்டு, இரண்டு தட்டு, நான்கு தட்டு. ஐம்பது செல்களைப் பார்த்திருப்பேன். அந்தக் குட்டிப் பெருக்கல் குறி எதிலும் இல்லை. அதை உதிர்த்துவிட்ட செல்கள் வேகமாக வளர்ந்து, வைத்திருந்தவற்றை மூடிவிட்டிருந்தன. மற்றச் செல் குடும்பங்களையும் தேடினேன். நல்ல பிரதி தங்கியது ஒன்று கிடைத்தது. கெட்ட பிரதி அந்த ஒன்றில்தான் இருந்தது.

மேடத்தின் அறைக்குப் போகும்போதுகூட உண்மையைச் சொல்வதாகத்தான் இருந்தேன். கதவைத் திறந்ததும் அவர் முகத்தைப் பார்த்தேன். "அந்தச் செல்கள் நிலைக்கவில்லை மேடம்," என்றேன்.

"உறையவைத்தது?"

"எடுத்து வளர்த்துப் பார்த்தேன். அதிலும் போயிருக்கிறது. உறையவைக்கும்போதே உதிர்ந்திருக்கும்போல."

மேடம் பெருமூச்சுவிட்டார். "இந்தச் செல்களின் புத்தி அப்படி," என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

என் தவறுக்கு அறிவியலே சாட்சி சொல்ல வந்ததுபோல ஆகிவிட்டது. கலப்புச் செல் குரோமோசோமை உதிர்ப்பது பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

"கவலைப்படாதே," என்றார் மேடம். "அந்தக் குடும்பத்திடம் மறுபடி கொஞ்சம் ரத்தம் கேள். திரும்பச் செய்வோம்."

இதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. கேட்க வேண்டுமென்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். ஆறு மாதம் முடிந்துவிட்டது, முடிவைச் சொல்ல வரவில்லை, இன்னொரு ஊசி போட வந்திருக்கிறேன் என்று அந்த அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு சனிக்கிழமை கிளம்பினேன். ஒருமுறை ஆட்டோவில் ஏறிக் கரியாஹட் வரை போய் இறங்கித் திரும்பிவிட்டேன். பத்து நாள் கழித்து மேடம் கேட்டார்.

"அவர்கள் சம்மதிக்கவில்லை மேடம். பயப்படுகிறார்கள்."

"விருப்பம் இல்லையென்றால் வற்புறுத்தக் கூடாது," என்று அந்தக் கோப்பை மூடிவிட்டார். எனக்கு வேறொரு குடும்பத்தைக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நான் லேக் மார்க்கெட் பக்கம் போகவில்லை. அந்த வழியாகப் போகும் ஆட்டோவில்கூட ஏற மாட்டேன். சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் மாவு பாக்கெட் வாங்கிப் புளித்த இட்லி சாப்பிட்டேன். அண்ணாச்சியின் மகள் வாட்ஸாப்பில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். "திதி, பாபாவோட ரிப்போர்ட் வந்துச்சா?" "திதி, கடைக்கு ஏன் வரல? உடம்பு சரியில்லையா?" "திதி, ஃபார்முக்கு லாஸ்ட் டேட் அடுத்த வாரம்." நான் படித்தது தெரியக் கூடாதென்று நீல டிக்கை நிறுத்திவைத்தேன். கடைசிச் செய்திக்கு மட்டும் பதில் போட்டேன்: "மேடம் இன்னும் பாத்துக்கிட்டு இருக்காங்க." இரண்டு பக்கமும் பொய் சொல்லி முடித்தாயிற்று.

இதற்கிடையில் ஆய்வேட்டில் ஒரு அத்தியாயம் எழுதினேன். கலப்புச் செல்கள் எவ்வளவு வேகமாக மனிதக் குரோமோசோம்களை இழக்கின்றன என்பது பற்றி. அண்ணாச்சியின் செல்களை அதில் நல்ல உதாரணமாகக் காட்டியிருந்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் ஆய்வுக்கூடத்தின் உள் தொலைபேசி அடித்தது. காவலாளி. "உங்களைப் பார்க்க ஒரு பெண் வந்திருக்கிறாள்." ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாசலில் நீலக் குடையோடு அண்ணாச்சியின் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

பக்கத்தில் இருந்தவளிடம் தொலைபேசியைக் கொடுத்து, "நான் இல்லைன்னு சொல்லு," என்றேன். அவள் சொன்னாள். நான் செல் வளர்க்கும் அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது.

வந்தவள் திரும்பிப் போகவில்லை. மழை விடட்டும் என்று வாசல் கூரைக்கடியிலேயே நின்றிருக்கிறாள். சாப்பிட்டுவிட்டுத் திரும்பிய மேடம், சாரலில் நனைந்துகொண்டு நிற்கும் பெண்ணைப் பார்த்து யார் என்று விசாரித்திருக்கிறார். அவள் நல்ல வங்காளத்தில் எல்லாம் சொல்லியிருக்கிறாள். ரத்தம் கொடுத்தது, ஆறு மாதத்தில் சொல்கிறேன் என்றது, மேடம் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று வந்த செய்தி.

அரை மணி நேரம் கழித்து மேடம் என்னைக் கூப்பிட்டார். அறையில் அவள் இருந்தாள். கையில் டீக் கோப்பை, குடிக்கவில்லை. நான் உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னது அவளுக்குப் புரிந்துவிட்டது. என்னை ஒரு முறை பார்த்துவிட்டு டீயைப் பார்த்தாள்.

"இவர்கள் ரத்தம் தர மறுத்தார்கள் என்றாயே," என்றார் மேடம் ஆங்கிலத்தில், மெதுவாக. "இந்தப் பெண் யாரும் கேட்கவே இல்லை என்கிறாள்."

நான் கதவருகிலேயே நின்றேன்.

"கேட்டாயா?"

"இல்லை மேடம்."

"ஏன்?"

அப்போது எல்லாவற்றையும் சொன்னேன். உறையவைக்காததைச் சொன்னேன். எடுத்து வளர்த்துப் பார்த்தேன் என்ற பொய்யைச் சொன்னேன். படிவத்தில் நான் தாண்டிப் போன வரியையும் சொன்னேன், அதை யாரும் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் தொடங்கி, திணறி, தமிழுக்கு வந்து, மறுபடி ஆங்கிலத்துக்குப் போனேன். தமிழில் சொன்னது மேடத்துக்குப் புரிந்திருக்காது. அவளுக்குப் புரிந்தது.

"ஃபெப்ருவரில ஃபார்ம் போடல திதி," என்றாள் அவள் கடைசியில். "நீங்க ரிசல்ட் வரல, மேடம் பாத்துட்டு இருக்காங்கன்னு சொன்னீங்க. வரட்டும்னு இருந்தேன். அடுத்து எப்போ கூப்பிடுவாங்கன்னு தெரியாது. அதுக்குள்ள எனக்கு வயசு ஏறிடும்."

அழுதிருந்தால் எனக்கு ஏதாவது செய்யத் தோன்றியிருக்கும். அவள் அழவில்லை. மேடத்திடம் வங்காளத்தில் நன்றி சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போனாள்.

மேடம் கத்தவில்லை. "செல்கள் போனால் திரும்பச் செய்யலாம்," என்றார். "உன் பொய்யில் என்னையும் சேர்த்தாய். அந்தப் பெண் இத்தனை மாதமாக நான் சும்மா இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்." பிறகு சொன்னார், "நாளைக்குக் கடைக்குப் போ. உன் வாயால் சொல். நான் கூட வர மாட்டேன்."

மறுநாள் போனேன். மழை ஈரத்தில் லேக் மார்க்கெட் முழுக்க வாடிய பூ வாசனை. அக்கா கல்லாப்பெட்டியில் இருந்தார். அண்ணாச்சி உள்ளே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை என்பது அருகில் போனதும்தான் தெரிந்தது. நான் வராத மாதங்களில் அவ்வளவு குறைந்திருந்தது.

"அண்ணாச்சி, நான்தான்," என்றேன்.

"குரல் தெரியுதே. வா."

"வரச் சொல்லாதீங்க," என்றார் அக்கா. அவர் என்னைப் பார்த்துப் பேசவில்லை, தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே பேசினார். "வீட்டுக்கு வந்த பிள்ளைன்னு நெனச்சேன். நீ வரலன்னதும் உனக்குத்தான் என்னமோ ஆயிட்டுன்னு பயந்துட்டு இருந்தேன். உன் ரூமுக்கு ஆள் அனுப்பணும்னு இவுககிட்ட சொன்னேன். தப்பு எல்லாரும்தான் செய்யுதோம். ஒரு போன் பண்ணி, அக்கா, இப்படி ஆயிட்டுன்னு சொல்ல உனக்கு என்ன கேடு?"

"பயமா இருந்துச்சு அக்கா."

"யாரப் பாத்து? என்னப் பாத்தா?"

அந்தக் கடையில் எனக்குப் பயப்பட ஒன்றுமே இருந்ததில்லை.

படிவத்தின் எட்டாவது வரியை அன்று சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த அண்ணாச்சி தலையை ஆட்டினார். "அதச் சொல்லியிருந்தாலும் நான் கையெழுத்து போட்டிருப்பேன் தங்கச்சி. சொல்லாம விட்டியே." பிறகு, "மறுபடி ரத்தம் குடுக்கலாமா? அதைச் சொல்லு," என்றார்.

குடுக்கலாம் என்றேன். ஆனால் எடுக்க நான் போகவில்லை. மேடம் என்னைக் குடும்பங்களோடு பேசுகிற வேலையிலிருந்து முழுவதும் விலக்கிவிட்டார். என் ஜூனியரான ஒரு வங்காளிப் பெண் போனாள். தமிழில் எழுதிய படிவம் ஒன்று தயாராகியிருந்தது. மொழிபெயர்த்தது நான், சரிபார்த்தது வேறொருவர். அந்த அத்தியாயத்தை ஆய்வேட்டிலிருந்து எடுக்கச் சொன்னார் மேடம். எடுத்தேன். சமர்ப்பிப்பது ஒரு வருடம் தள்ளிப் போனது. ஊரில் அப்பா ஏன் என்று கேட்டபோது சோதனை சரியாக வரவில்லை என்றேன். பாதி உண்மை.

புது ரத்தத்தை மேடம் வேறொரு ஊரில் இருந்த தன் சிநேகிதியின் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். அங்கே இரண்டு பிரதிகளையும் நீளநீளமாகத் தனித்தனியே படிக்கிற மெஷின் இருந்தது. எலியும் வேண்டாம், கலப்பும் வேண்டாம். மூன்று வாரத்தில் பதில் வந்தது. நான் அந்தப் பூஜைக்கு முன்பு ஒரே ஒரு தடவை பார்த்த அதே இடம், அதே துண்டுதான். நோய் பார்க்கிற மருத்துவமனை வழியாக முறைப்படி உறுதி செய்து, மருத்துவர் அவர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆய்வுக்கூடத்தில் மற்றவர்கள் பேசிக்கொண்டதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

சில நாள் கழித்து அண்ணாச்சி போன் செய்தார். மத்தியான நேரம், கடையில் கூட்டம் இருக்காது. நான் படிக்கட்டில் போய் நின்று எடுத்தேன்.

"ஒரு துண்டு இல்லையாம்," என்றார், எனக்கே தெரியாத ஒன்றை விளக்குவதுபோல. "எங்கய்யாகிட்ட இருந்து வந்த புஸ்தகத்துல ஒரு பக்கம் கிழிஞ்சிருக்கு, எங்கம்மா குடுத்தது முழுசா இருக்கு, ஆனா ஒண்ணு பத்தலங்காரு டாக்டர். வைத்தியம் இப்போ ஒண்ணும் இல்லையாம். பேரு தெரிஞ்சதே எனக்கு ஒரு நிம்மதி பாத்துக்கோ. எங்கய்யா பேரு தெரியாமலே போயிட்டாரு."

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி," என்றேன். கடையில் அன்று இதைச் சொல்லவில்லை என்பது சொல்லும்போதுதான் தெரிந்தது.

யாரோ வாடிக்கையாளர் வந்து துவரம்பருப்பு கேட்டார், அக்கா பதில் சொன்னார். அந்தச் சத்தம் முடியும்வரை காத்திருந்தேன்.

"பாப்பாவுக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?" என்றேன்.

"அது அவ விஷயம். சொல்லணும்னா அவளே சொல்லுவா."

அவள் சொல்லவில்லை. அவள் எண் இன்னும் என் போனில் இருக்கிறது. புகைப்படம் மட்டும் அவ்வப்போது மாறுகிறது. ஒரு தடவை டார்ஜீலிங் மலைப் பாதையில் தோழிகளோடு நிற்கிறாள், இன்னொரு தடவை சரஸ்வதி பூஜைக்கு மஞ்சள் புடவையில். உதவி லோகோ பைலட் வேலைக்கு மறுபடி ஆள் எடுத்ததாகச் செய்தியில் பார்த்தேன். அவள் விண்ணப்பித்தாளா, கண் பரிசோதனையில் என்ன ஆனது, அவள் அந்தச் சோதனையை எடுத்துக்கொண்டாளா, வேண்டாம் என்று விட்டாளா, எனக்குத் தெரியாது. கேட்கும் உரிமை எனக்கு இல்லை. பல தடவை எழுதத் தொடங்கி அழித்திருக்கிறேன்.

ஆய்வேட்டைக் கொடுத்து, பட்டமும் வாங்கிவிட்டேன். இப்போதும் கொல்கத்தாவில்தான் இருக்கிறேன், வேறொரு இடத்தில், செல்களோடுதான் வேலை. என்னைப் புதிதாகப் பார்ப்பவர்கள் ரொம்பக் கவனமான ஆள் என்கிறார்கள். நான் மறுத்துப் பேசுவதில்லை. காரணம் சொல்ல ஆரம்பித்தால் அக்கா தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.